மயிலம் மலைக்குப் போன பிளைமவுத்

திருக்கனூர் கடைத்தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் பாதி வழி வந்திருந்தபோது, பழைய அமெரிக்கக் காரான பிளைமவுத்தின் அடியில் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த அம்சவள்ளிக்கு மட்டும் கேட்டது. கிளட்சை விட்டாள். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கியரை மாற்றி மறுபடி விட்டுப் பார்த்தாள். பின்னால் இரும்பும் இரும்பும் அரைபடும் ஓசை வந்ததே தவிர, சக்கரம் ஒரு சாண்கூட உருளவில்லை.

மேளக்காரர்கள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணாடியில் தட்டி, "இன்னாம்மா ஆச்சி?" என்றார். வண்டி இனிமேல் போகாது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக இறங்கி, யாரோ கொண்டுவந்த புல்லட்டின் பின்னால் உட்கார்ந்து போனான். "தாத்தாவுக்கு மூச்சு வாங்குதுபா, ஒரு சோடா ஒடச்சிக் குடுங்க" என்று கரும்பு ஜூஸ் கடையிலிருந்து ஒருவன் கத்தினான். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது.

அம்சவள்ளி வண்டியைவிட்டு இறங்கவில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஊர்வலத்தில் எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தபோதும், தன் ஊரான செல்லிப்பட்டு வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அழுதாள்.

அந்த வண்டியைச் செல்லிப்பட்டில் தெரியாதவர்கள் கிடையாது. கரும்பும் நெல்லும் பயிரிட்ட பெரிய குடும்பத்து அரங்கநாதனின் அப்பா வாங்கியது. நீண்ட மூக்கும் உருண்ட தோள்களுமாக, தெருவில் வந்தால் தெருவை அடைத்துக்கொண்டு வரும். அவர் காலமான பிறகு டிராக்டர் கொட்டகையின் ஓரத்தில் கிடந்து, கோழிகள் முட்டையிடும் இடமாகிவிட்டது. அம்சவள்ளியின் அப்பாவும் அம்மாவும் அந்தக் குடும்பத்துக் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கும் கட்டுக்கும் போனவர்கள். அம்சவள்ளி போகவில்லை. டிரைவிங் கற்றுக்கொண்டு, திருபுவனை கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டினாள். புதுச்சேரியில் பழைய கார்களைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதைப் பார்த்துவிட்டு வந்த ஒருநாள், நேராக அரங்கநாதன் வீட்டுக்குப் போய், "அந்தக் காரக் குடுக்கிறீங்களாய்யா?" என்று கேட்டாள். காயலான் கடைக்குப் போக இருந்த வண்டியை அவர் யோசிக்காமல் இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார்.

அவளுடைய கணவன் மணிவண்ணன் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் வெல்டர். துருப்பிடித்த தரையை அறுத்தெடுத்துப் புதுத் தகடு போட்டவன் அவன். எஞ்சினை வில்லியனூர் மெக்கானிக் குமரவேல் சரிசெய்து கொடுத்தான். பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்து, வட்ட வட்டமான வீல் கப்புகளை முகம் தெரியத் தேய்த்துப் போட்டபோது, பாகூரிலிருந்தும் கரிக்கலாம்பாக்கத்திலிருந்தும்கூடக் கல்யாணக்காரர்கள் தேடிவந்தார்கள். கார்தான் அழகா, ஓட்டுகிற அம்மாதான் அழகா என்று போட்டோகிராபர்கள் கேட்பார்கள். அம்சவள்ளிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மறுநாள் குமரவேல் வந்து பின்பக்கத்தைப் பிரித்தான். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சிலின் நடுவில், பெரிய உருண்டைக் கூட்டுக்குள், எஞ்சினின் சுழற்சியை வாங்கிச் சக்கரங்களுக்குத் தரும் பல்சக்கரம் இருக்கும். அதில் பல் வரிசையாகக் கொட்டிப்போயிருந்தது. ஆயிலுக்குள் கைவிட்டு உடைந்த துண்டுகளை எடுத்து ஒரு தட்டில் போட்டான்.

"இது கெடைக்காதுக்கா. மெட்ராஸ்ல கேட்டுட்டேன். அமெரிக்காவுலருந்து வரவழிச்சாலும் அதுவும் இந்த வயசு இரும்புதான். எப்ப போவும்னு சொல்ல முடியாது."

"அப்ப இன்னா செய்யறது?"

"நிறுத்தி வெச்சிடு. போட்டோ எடுக்க வுடலாம். ஓட்டாத."

அம்சவள்ளி ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை தமிழ்க்குமரன் திருக்கனூர்ப் பக்கத்துப் பையன். மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டு. மலைமேல் கோயில் வாசல்வரைக்கும் பெண்ணை இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்பது மணப்பெண் செல்வகுமாரியின் ஆசை. கடைத்தெருவில் நடந்தது அவர்கள் காதுக்கும் எட்டி, அன்று மாலையே தமிழ்க்குமரன் போன் செய்துவிட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ல பயப்படறாங்க. அதுவும் மலை..."

"தம்பி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கச்சொல்ல நீங்க வாங்க. ஒக்காந்து பாருங்க. புடிக்கலன்னா வேற வண்டி சொல்லிக்குங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மணிவண்ணனின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"யோவ், வேற வண்டி ஆக்சில இதுக்குப் போட முடியுமா?"

அவன் மென்றுகொண்டே யோசித்தான். எதையும் உடனே சொல்கிற ஆளில்லை. தட்டில் கைகழுவிய பிறகு, "ஒட்டறதுக்கு நானிருக்கேன். அளவு ஒக்காரணும்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் டேப்பும் சாக்பீஸுமாகப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஒன்று அகலம் பத்தவில்லை. ஒன்று சக்கரத்தை வெளியே துருத்தி நிறுத்திவிடும். வில்லியனூர் தாண்டி ஒரு கடையில், முன்பக்கம் நொறுங்கிப்போன ஜீப் ரக வண்டி ஒன்று கிடந்தது. ஓடி ரொம்ப வருஷம் ஆகாத வண்டி. அதன் பின் ஆக்சிலில் கீறல்கூட இல்லை. அம்சவள்ளி ஒரு முனையையும் மணிவண்ணன் மறுமுனையையும் பிடித்து அளந்தார்கள். பிளைமவுத்தின் அகலத்துக்கும் அதற்கும் ஒரு விரல் அளவுகூட வித்தியாசம் வரவில்லை. பல்லின் கணக்கும் பழசைவிட இழுவைக்கு வாகானது என்று போனிலேயே குமரவேல் சொன்னான். "மல ஏறும்க்கா. ஆனா பொருத்தறது ஒங்க பாடு" என்றான்.

பொருத்துவதுதான் பாடாக இருந்தது. வண்டியைத் தாங்குகிற, வில்லாக வளைந்த பட்டைப் பிளேட்டுகள் வந்து உட்காரும் இருக்கைகள், ஜீப் ஆக்சிலில் ஓர் இடத்திலும் பிளைமவுத்துக்கு வேறோர் இடத்திலும் இருந்தன. அவற்றை அறுத்தெடுத்து இடம் மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். சக்கரத்தின் போல்ட்டுத் துளைகளும் சேரவில்லை. ஜீப் சக்கரத்தையே மாட்டிவிடலாம் என்று மணிவண்ணன் சொன்னபோது அம்சவள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பட்டுப்பொடவ கட்டிக்கினு ஹவாய் செருப்பு போட்டாப்ல இருக்கும். என் வீல் கப்புதான் வரணும்."

லேத் பட்டறையில் கொடுத்துப் பழைய சக்கரத்துக்கு ஏற்றபடி புதுத் துளைகள் போட்டு வாங்கினார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளமான ஷாஃப்ட்டையும் அங்கேயே அறுத்துச் சுருக்கினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மணிவண்ணன் ஜீப் ஆக்சிலின் பழைய இருக்கைகளைக் கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்த மாலையில், அரங்கநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். கழற்றிப் போட்டிருந்த பழைய ஆக்சிலைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்பா வண்டிய அறுக்கறீங்களாமே?"

"வாங்கய்யா. வண்டிய அறுக்கல. பின்னாடி ஆக்சிலு மாத்தறோம்" என்றாள் அம்சவள்ளி.

"அது ஒரிஜினல் வண்டிம்மா. நட்டு போல்ட்டுகூட அப்ப வந்ததுதான். அதுக்குத்தான் மதிப்பே. ஜீப்பு சாமானப் போட்டா அப்பறம் அது இன்னா வண்டி?"

"ஓடற வண்டிய்யா."

அவர் சிரிக்கவில்லை. "முடியலன்னா சொல்லு. நானே திருப்பி எடுத்துக்கறேன். ஷெட்டு கட்டி, துணி போட்டு மூடி, அழகா வெச்சிக்கறேன். அப்பா ஞாபகமா இருக்கும்."

கிரைண்டர் நின்றது. மணிவண்ணன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அரங்கநாதன் வீட்டார் ஒன்று கேட்டு, அவளுடைய அப்பா இல்லை என்று சொல்லி அவன் பார்த்ததில்லை.

"ஒரிஜினலா இருந்தப்ப ஒங்க கொட்டாயில அதுல கோழி அடஞ்சிதுங்க" என்றாள் அம்சவள்ளி. குரலை உயர்த்தவில்லை. "நான் குத்தமா சொல்லல. ஆனா நிறுத்தி வெக்கறதுக்கு நான் வண்டி வாங்கல. இது மயிலம் மல ஏறணும். ஏறும். நீங்க வந்து பாருங்க."

அரங்கநாதன் முகம் சுருங்கியது. "மயிலமா? அப்பாவே அடிவாரத்துல நிறுத்திட்டுத்தான் நடந்து ஏறுவாரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

ஆக்சில் ஏறியது. பிரேக் பைப்புகள் மாட்டி, ஆயில் ஊற்றி, டயரைத் தரையில் இறக்கியபோது கப்புகள் போட்ட சக்கரங்கள் மட்கார்டுக்குள் கச்சிதமாக நின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அம்சவள்ளி ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி போனது. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

சந்தோஷம் அன்று ஒரு நாள்தான். மறுநாள் அக்கம்பக்கத்தில் நாலு பேரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திருக்கனூர் ரோட்டில் வேகம் எடுத்தபோது, வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஓர் உதறல் கிளம்பியது. கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் மறுபடி வந்தது. வீடு திரும்பியதும் மணிவண்ணன் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் கிடந்தான்.

"வெல்டிங் வுட்டுதா?" என்றாள் அம்சவள்ளி.

"என் வெல்டிங் வுடாது" என்றான் அடியிலிருந்து. குரலில் சூடு இருந்தது. "ஷாஃப்ட்டு வளைஞ்சிருக்கும்."

ஷாஃப்ட் வளையவில்லை. அதை லேத்தில் ஓடவிட்டுப் பார்த்தாகிவிட்டது. அம்சவள்ளி திரும்பத் திரும்ப வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். தனியாகப் போனால் உதறல் இல்லை. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் உண்டு. எத்தனை கனம் ஏறுகிறதோ அத்தனை உதறல். மூன்றாவது முறை வந்து இறங்கியவள் நேராக அவனிடம் போனாள்.

"யோவ், நீ அந்த ஆக்சில வெல்டு வெக்கச்சொல்ல வண்டி எங்க இருந்துது?"

"ஸ்டாண்டு மேல."

"ஸ்டாண்டு மேல இருந்தா பிளேட்டு தொங்கும். ஆள் ஒக்காந்தா அமுங்கும். ரெண்டுக்கும் மூக்கு ஒரே எடத்துல நிக்குமா?"

ஆக்சிலின் உருண்டைக் கூட்டிலிருந்து முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைத்தான் மூக்கு என்பார்கள். ஷாஃப்ட் வந்து சேருவது அதில்தான். அது கொஞ்சம் அண்ணாந்தாலும் கொஞ்சம் குனிந்தாலும் வண்டி உதறும். மணிவண்ணன் அவளையே பார்த்தான். பிறகு நெற்றியில் கரிக்கையாலேயே அடித்துக்கொண்டான்.

"பஸ்ஸு பாடி கட்டச்சொல்ல எம்மாம் தடவ பாத்துக்கீறேன். அவசரத்துல வுட்டுட்டேன்டி."

நல்லாயிருந்த வெல்டிங்கை அவனே அறுத்தான். தன் கையால் வைத்ததை அறுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க அம்சவள்ளிக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு டம்ளர் டீயை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

இந்த முறை கனம் ஏற்றியபடி அளவெடுக்க வேண்டும். மணல் மூட்டை வைக்கலாம் என்றான். சீட்டு பாழாகிவிடும் என்றாள். அந்த நேரத்துக்கு நூறு நாள் வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தையலம்மாள். ஏரி வேலை செய்து அலுத்து வந்தாலும் பேச்சில் யாரும் அவளை மிஞ்ச முடியாது. அம்சவள்ளி தெருவுக்கு ஓடினாள்.

"யக்கா, கொஞ்சம் வந்து கார்ல ஒக்காருங்க."

"எங்கடி போறோம்?"

"எங்கியும் போவல. சும்மா ஒக்காரணும்."

"அடிப்பாவி, அதுக்குன்னா ஒரு ஊரே வருமே!"

மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பின்சீட்டில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். தையலம்மாள் நடுவில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "டிரைவர், ஏசி போடு" என்றாள். வண்டி மெல்ல அமுங்கியது. அடியில் தோண்டியிருந்த பள்ளத்தில் படுத்திருந்த மணிவண்ணன், "யாரும் ஆடாதீங்க, சிரிக்காதீங்க" என்று கத்தினான். அதைக் கேட்டு எல்லோரும் இன்னும் சிரிக்க, வண்டி குலுங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் அசையாமல் இருந்த சமயத்தில் மூக்கின் சாய்வை ரசமட்டத்தால் பார்த்துக் கோடு கிழித்தான். ஒருமுறை போதாது என்று இறங்கச் சொல்லி, ஏறச் சொல்லி, மறுபடி பார்த்தான். கோடு அதே இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்களை அனுப்பிவிட்டு, ஆக்சிலைக் கழற்றி வெளியே எடுத்துப்போட்டு, அந்தக் கோட்டில் இருக்கையை வைத்து வெல்டிங் வைத்தான்.

எல்லாம் மாட்டியானதும் அதே பெண்களை ஏற்றிக்கொண்டு அம்சவள்ளி திருக்கனூர் போனாள். சிரிப்பு கிளம்பிய அதே கடைத்தெரு வழியாக, கண்ணாடி இறக்கிய ஜன்னல்களில் தையலம்மாளும் மற்றவர்களும் கைகளை வெளியே தொங்கவிட்டபடி போனார்கள். வேகம் ஏறியது. கண்ணாடி அதிரவில்லை. அடிவயிற்றில் சத்தமே இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வட்டமடித்துத் திரும்பினாள். தமிழ்க்குமரன் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது அந்த வாரம்தான். அவன் வேறு வண்டி சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மயிலம் அடிவாரத்திலேயே கூட்டம் நெரிந்தது. முகூர்த்த நாள் என்பதால் மலையில் பத்துக் கல்யாணமாவது இருக்கும். பின்சீட்டில் செல்வகுமாரி, அவளுடைய அத்தை, சித்தி, இரண்டு குழந்தைகள். முன்சீட்டில் மணிவண்ணன். புதுச்சட்டை போட்டிருந்தான், ஆனால் காதைப் பின்னாலேயே வைத்திருந்தான்.

ஏற்றம் தொடங்கியதும் அம்சவள்ளி கியரை இறக்கினாள். பிளைமவுத் முனகாமல் ஏறியது. முதல் வளைவு, அடுத்த வளைவு. அதற்கு மேல், மலையின் செங்குத்தான இடத்தில், முன்னால் போன வேன் ஒன்று மூச்சடைத்து நின்றுவிட்டது. அம்சவள்ளியும் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையாக வண்டிகள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பின்சீட்டு அத்தை, "யம்மா, நாங்க எறங்கிக்கட்டுமா? நடந்து பூடறோம்" என்றாள்.

"யாரும் எறங்க வாணாம். பொண்ணு கார்லதான் வரும்" என்றாள் அம்சவள்ளி.

வேன்காரர்கள் இறங்கித் தள்ளி வண்டியை ஓரங்கட்டினார்கள். வழி திறந்தது. கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்கு மாறும் அந்த ஒரு கணம்தான் கணக்கு. பழைய பல்சக்கரமாக இருந்தால் அந்தக் கணத்தில் பல் கொட்டியிருக்கும். கிளட்சை மெதுவாக விட்டாள். வண்டி பின்னால் ஓர் அங்குலமும் வழுக்கவில்லை. முழு கனத்தோடு, மேல்நோக்கி, அழுத்தமாகக் கிளம்பியது. மணிவண்ணன் தன்னையறியாமல் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான். ஓரமாக நின்றிருந்த வேன்காரர்களே கைதட்டினார்கள். செல்வகுமாரி பின்னாலிருந்து, "அக்கா, சூப்பர்கா" என்று கத்தினாள்.

கோயில் வாசலில் பெண் இறங்கியபோது போட்டோகிராபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இது ஒரிஜினலா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"மூஞ்சி அமெரிக்கா. பின்னாடி ஜீப்பு. வெல்டிங் என் வூட்டுக்காரரு. டிரைவர் நானு" என்றாள் அம்சவள்ளி. சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

கூட்டம் உள்ளே போன பிறகு, அரங்கநாதன் வருவதைப் பார்த்தாள். பெண்வீட்டுக்கு அவர் தூரத்து உறவு. வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெல்லக் குந்தி, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். மணிவண்ணனும் பக்கத்தில் குந்தினான்.

"சூடே இல்லிங்க. தொட்டுப் பாருங்க" என்றான்.

அவர் தொட்டுப் பார்த்தார். வெல்டிங் தழும்பின் மேல் விரலை ஓட்டினார். "சுத்தமாக் கீதுபா வேல" என்றார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அம்சவள்ளி, கல்யாணம் முடிஞ்சி இவங்கள மண்டபத்துல எறக்கி வுட்டுட்டு... கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா? அப்பா இருந்தவரைக்கும் என்னத் தொட வுட்டதில்ல. அப்பறம் எனக்கே மனசு வரல."

அம்சவள்ளி அவரை உடனே வாங்க என்று சொல்லிவிடவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள். "கியரு ஸ்டியரிங்குல கீது. தெரியுங்களா?"

"சொல்லிக் குடு. கத்துக்கறேன்."

"எறக்கத்த நான் ஓட்டறேன். கீழ நேர் ரோடு வந்ததும் நீங்க ஓட்டுங்க" என்றாள்.

மத்தியானம், மணமக்களை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்தபோது, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி அவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அரங்கநாதன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறப்போனார். "செருப்ப எடுத்து உள்ள வைங்கய்யா, வுட்டுட்டுப் போயிடுவோம்" என்று அவள் சொல்ல, அவர் வெட்கத்தோடு சிரித்து எடுத்துக்கொண்டார். முதல் தடவை வண்டி குதித்து நின்றுவிட்டது. இரண்டாம் தடவை கிளம்பியது.

"கிளட்ச மொத்தமா வுடாதீங்க. ம், அப்படித்தான். இப்ப கியரு."

இருபுறமும் வேர்க்கடலைக் கொல்லைகள் பின்னால் போயின. எதிரில் வந்த லாரிக்காரன் வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்தான். அரங்கநாதனும் பதிலுக்கு அடித்தார். தேவைக்கு மேலேயே அடித்தார்.

"இன்னாய்யா சொல்ற, ஒதறுதா?" என்று அம்சவள்ளி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மணிவண்ணன் சீட்டின் முழு அகலத்துக்கும் கால் நீட்டி, புதுச்சட்டையின் பொத்தானைத் தளர்த்திவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.